ஒரு பெயர், ஒரு படம், ஓர் ஆண்டு: தேசியத் திரையிசை விருதும் சேலத்து மரபும்

திரைப்படங்களுக்கான தேசிய விருதுகள் 1954இல் வழங்கப்படத் தொடங்கின. இசையமைப்பாளருக்கென்று தனி விருது வந்ததோ 1967ஆம் ஆண்டுப் படங்களுக்கான பதினைந்தாவது விருதுகளின்போதுதான். அதை முதலில் பெற்றவர் கே.வி. மகாதேவன், படம் 'கந்தன் கருணை'. திரை வரலாறு எழுதுவோர் இதைக் கோடம்பாக்கத்தின் வெற்றியாகவே பதிந்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அந்த விருதின் வேர் சேலம் சமவெளியில் இருக்கிறது என்பதும், அந்த வேரைக் காட்டாமல் மறைப்பது விருதின் அமைப்பே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதல் பதினான்கு விருதளிப்புகளில் பாராட்டு பெரும்பாலும் படத்துக்குத்தான். அதாவது தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும். நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளையின் நாவலைக் கோவை பட்சிராஜா நிறுவனம் 'மலைக்கள்ள'னாக எடுத்தது. 1954ஆம் ஆண்டின் தமிழ்ப் படத்துக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. அதன் பாடல்கள் ஊரெங்கும் ஒலித்தும் எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் பெயருக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை. குறை நடுவர்களுடையதல்ல; இசைக்கென்று ஒரு பிரிவே அப்போது கிடையாது.

இந்த இடைவெளியில் அதிகம் இழந்தவர் ஜி. ராமநாதன். திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் சேலம் ஏற்காடு சாலையில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸுக்கு 'உத்தம புத்திரன்' (1940), 'பொன்முடி' (1950), 'மந்திரி குமாரி' (1950) என்று இசையமைத்தவர் அவர். 'மந்திரி குமாரி'யின் மலையுச்சிக் காட்சியை எடுத்துக்கொள்வோம். மனைவியைத் தள்ளிக் கொல்லத்தான் கணவன் அழைத்துப் போகிறான். பாட்டோ காதலர் உலாவுக்குரிய மென்னடையில் போகிறது. திருச்சி லோகநாதனின் குரலில் வஞ்சகத்தின் சாயலே இல்லை, ஜிக்கியின் குரலில் ஐயத்தின் சாயலும் இல்லை. கொலையைக் கதை சொல்கிறது, இசை சொல்ல மறுக்கிறது; காட்சியின் திகில் முழுதும் அந்த மறுப்பில் பிறக்கிறது. திரையிசைக்கு விருது என்றால் இத்தகைய நாடக அறிவுக்குத்தான் தர வேண்டும் என்பேன். ஆனால் ராமநாதனும் சுந்தரமும் ஒரே ஆண்டில், 1963இல், மறைந்தார்கள். இசை விருதுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

மகாதேவனும் இதே வளாகத்தின் வழியாக வந்தவர்தான். நாகர்கோவில் வடசேரிக்காரரான அவர் திரையிசைக்குள் நுழைந்தது மாடர்ன் தியேட்டர்ஸின் 'மனோன்மணி'யில் (1942). 'கந்தன் கருணை'யின் இயக்குநர் ஏ.பி. நாகராஜனோ சங்ககிரியை அடுத்த அக்கம்மாபேட்டையில் பிறந்து, நாடகக் குழுக்களில் வளர்ந்து திரைக்கு வந்தவர். இருவரையும் இணைத்த படங்கள் 'நால்வர்' (1953), 'மாங்கல்யம்' (1954), கொங்குத் தமிழைத் திரையில் கம்பீரமாகப் பேசவைத்த 'மக்களைப் பெற்ற மகராசி' (1957), சேலத்துத் தயாரிப்பாளர் எம்.ஏ. வேணுவின் 'சம்பூர்ண ராமாயணம்' (1958) ஆகியவை. இவை எல்லாவற்றிலும் நாகராஜன் எழுத்து, மகாதேவன் இசை. இயக்குநராகப் பெயர் வாங்குவதற்கு நெடுநாள் முன்பே அவர் இந்த இசையமைப்பாளருக்காக எழுதிப் பழகியிருந்தார்.

'சம்பூர்ண ராமாயண'த்தில் ராவணன் அவைக் காட்சி ஒன்று உண்டு. எந்த வேளைக்கு எந்த ராகம், எந்த உணர்ச்சிக்கு எது என்று கேள்விகள் வருகின்றன, சி.எஸ். ஜெயராமன் குரலில் ராவணன் ராகத்தின் பெயரைச் சொல்லி உடனே பாடியும் காட்டுகிறான். சபாவுக்குள் நுழையாத டூரிங் டாக்கீஸ் ரசிகனுக்கு அது சில நிமிடச் சங்கீத வகுப்பு. பாமரனுக்கு ராகத்தைக் கதையாகவே ஊட்டும் இந்த உத்திதான் 'திருவிளையாடல்' (1965) வழியாகக் 'கந்தன் கருணை' வரை நீள்கிறது. முதல் தேசிய விருது மதித்தது இந்த உத்தியை. ஏட்டில் எழுதியது ஒரு படத்தின் பெயரை.

அந்த ஒரு படத்தையும் ஒருவர் கணக்கில் வைப்பது எளிதல்ல. 'கந்தன் கருணை'யில் சூலமங்கலம் ராஜலட்சுமியும் பி. சுசீலாவும் பாடிய திருப்பரங்குன்றத்துப் பாடல் குன்னக்குடி வைத்தியநாதனின் மெட்டு. படத்தின் பெரும்பகுதி மகாதேவனுடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பலர் நினைவில் முதலில் எழுவது அந்தப் பாட்டுத்தான். மகாதேவனின் நீண்டநாள் உதவியாளர் புகழேந்தியின் பங்கு இன்னொரு பெரிய கணக்கு. பாட்டை எழுதி வாங்கிப் பிறகு மெட்டமைப்பதே மகாதேவனின் பெயர்பெற்ற வழக்கம். அப்படிப் பார்த்தால் கவிஞனின் சந்தமும் மெட்டுக்குள் ஒரு கூட்டாளி.

நடுவர்களின் ருசிக்கும் ஒரு சாய்வு இருந்தது. 'சங்கராபரணம்' மகாதேவனுக்கு இரண்டாம் முறை விருது தந்தது. பின்னர் 'சாகர சங்கமம்', 'சிந்து பைரவி', 'ருத்ரவீணை' ஆகியவை இளையராஜாவுக்கு. நான்கிலும் கதைமாந்தர் பாடகர் அல்லது ஆடற்கலைஞர். இசையே கதைப்பொருளானால் நடுவர் செவிக்கு அது எளிதில் எட்டுகிறது. 'மந்திரி குமாரி'யின் மலைப்பாட்டைப்போலக் கதைக்கு அடியில் வேலை செய்யும் இசை எட்டுவதில்லை. இதை விதியாக்கிவிடவும் முடியாது. நாதசுரக் கலைஞனின் கதையான 'தில்லானா மோகனாம்பாள்' 'கந்தன் கருணை'க்கு அடுத்த ஆண்டே, அதே நாகராஜன்–மகாதேவன் கூட்டணியில் வந்தது. சிறந்த தமிழ்ப் படம் என்ற விருது அதற்கு உண்டு. இசை விருதோ 'சரஸ்வதிசந்திரா'வுக்காகக் கல்யாண்ஜி ஆனந்த்ஜிக்குப் போனது. அதே ஆண்டு 'உயர்ந்த மனிதன்' பாடலுக்காகச் சுசீலாவும், பிறகு 'அபூர்வ ராகங்க'ளுக்காக வாணி ஜெயராமும் சிறந்த பின்னணிப் பாடகியானார்கள். இரண்டு படங்களுக்கும் மெட்டமைத்த எம்.எஸ். விஸ்வநாதனுக்குக் கடைசிவரை இந்த விருது கிடைக்கவில்லை. குரலில் கேட்டதை மெட்டில் கேட்காத நடுவர் குழுவைப் பற்றி என்ன சொல்வது?

அறுபதுகளின் மாடர்ன் தியேட்டர்ஸ் வேறு வகைச் சிக்கல். 'வல்லவனுக்கு வல்லவன்' (1965), 'இரு வல்லவர்கள்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என்று அந்நிறுவனத்துக்கு இசையமைத்த வேதா, இந்தி மெட்டுகளைத் தாராளமாக எடுத்தாண்டவர். சொந்தக் கற்பனைக்கான விருதை அவருக்குத் தந்திருக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் அந்நிய மெட்டில் தமிழ்ச் சொல்லின் குறில் நெடில் இடறாமல் உட்காருவது தானாக நடப்பதில்லை. நம் இசை வரலாற்றாசிரியர்கள் 'காப்பி' என்ற ஒரே சொல்லால் அவரைத் தள்ளிவிடுவது சோம்பல்.

விருதின் அமைப்பும் மாறியிருக்கிறது. 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து பாடல்களுக்கு ஒன்று, பின்னணி இசைக்கு ஒன்று என்று பிரித்து வழங்குகிறார்கள். அவ்வாண்டு பின்னணி இசைக்கான விருது 'பழசிராஜா'வுக்காக இளையராஜாவுக்கு. கதைக்கு அடியில் ஓடும் இசையைக் கேட்க இது வழி செய்தது, நல்ல திருத்தம். கூட்டு உழைப்பின் சிக்கலை மட்டும் இது தொடவில்லை. வாத்தியக் குழுவும் உதவியாளரும் இன்றும் பட்டியலுக்கு வெளியேதான்.

ஆகவே விருதுப் பட்டியலை மூல ஆவணமாகக்கொண்டு தமிழ்த் திரையிசை வரலாறு எழுதுவது சேலத்தைப் பொறுத்தவரை உதவாது. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள், இசைத்தட்டுகளின் நடுவட்டில் அச்சான பெயர்கள், படத்தின் தொடக்கத்தில் ஓடும் உதவியாளர் வரிசை ஆகிய மூன்றையும் படவாரியாக ஒப்பிட்டாக வேண்டும். அந்த ஒப்பீட்டை 1942இன் 'மனோன்மணி'யிலிருந்து தொடங்கலாம்.