1990: ஒரே றோட்டில் நாலு ஊர்

காத்தான்குடியில பஸ் ஏறினா கல்லடிப் பாலம், மட்டக்களப்பு டவுன், சத்துருக்கொண்டான், ஏறாவூர், செங்கலடி தாண்டி வந்தாறுமூலையில இறங்கலாம். அங்கதான் எங்கட கிழக்குப் பல்கலைக்கழகம். கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலப் பயணம். 1990இல் இந்த றோட்டோர ஊர்கள் நாலு, 38 நாளைக்குள்ள சிதைக்கப்பட்டன.

அந்த வருசம் மார்ச்சில் இந்திய அமைதிப்படை வெளியேறியது. பிரேமதாச அரசும் புலிகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜூன் 11இல் அது முறிந்தது. கிழக்கின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் கைப்பற்றினார்கள். சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டார்கள். இராணுவம் திரும்பி வந்தது. முஸ்லிம் ஊர்காவல் படையினருக்கு அரசு ஆயுதம் கொடுத்தது. காலங்காலமாக அருகருகே வாழ்ந்த சனம் ஒருவரையொருவர் பார்த்துப் பயப்படத் தொடங்கியது.

ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புலிகள் மறுத்தாலும், தப்பியவர்களின் சாட்சியம் அவர்களையே காட்டுகிறது. ஒரு கிழமை கழித்து ஏறாவூரில், இரவில், வீடுகளுக்குள்ளேயே நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள்.

செப்டெம்பர் 5. எங்கட கம்பஸ் அப்போது அகதி முகாம். இராணுவம் 158 பேரைப் பிரித்தெடுத்துக் கொண்டுபோனது. அவர்கள் திரும்பவில்லை. செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானிலும் அயல் கிராமங்களிலும் பெண்கள், பிள்ளைகள், வயசாளிகள் எண்டு 184 பேர் இராணுவத்தால் கொண்டுபோய்க் கொல்லப்பட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி பாலகிட்ணர் தலைமையிலான ஆணைக்குழு விசாரித்தது. தண்டிக்கப்பட்டவர் எவருமில்லை.

செப்டெம்பர் 5ம் 9ம் எனக்குச் சின்ன வயசிலயே தெரியும். ஆகஸ்ட் 3 பற்றி காத்தான்குடி நண்பன் ஒருத்தன் சொல்லித்தான் தெரிய வந்தது. அவனுக்கோ, நாங்க ரெண்டு பேரும் படிக்கிற வளாகத்தில 158 பேர் காணாமல்போன கதை தெரியாது. ஆளுக்குப் பாதி 1990தான் எங்களுக்குக் கிடைச்சிருக்கு.

இப்படி எழுதினா, 'எல்லாத்தையும் சமப்படுத்துறாய்' எண்டு யாராவது கேட்கலாம். இல்லை. செய்தவர்கள் வேறு, அவர்கள் பதில் சொல்ல வேண்டிய இடங்களும் வேறு. ஆனா எங்கட பேரில செய்யப்பட்ட கொலையைச் சொல்லாம விட்டுட்டு, எங்களுக்குச் செய்யப்பட்ட கொலைக்கு மட்டும் நீதி கேட்டா, அந்தக் கேள்வி பலமிழந்து போகும். அடுத்த ஆகஸ்ட் 3 நான் காத்தான்குடிக்குப் போவேன். செப்டெம்பர் 5 அவன் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.