டெஸ்க்டாப்பில் ஒரு தரிசு நிலம்

கம்ப்யூட்டர் பழகுன புதுசுல நம்மள்ல பலபேரு முதல்ல செஞ்ச வேலை என்ன? டெஸ்க்டாப் படத்தை மாத்துனதுதான். காலி இடத்துல வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டெஸ்க்டாப், பட்டியல்ல ஒரு படம், ஓகே. அம்புட்டுதான். இந்தப் பொட்டி நம்ம பேச்சைக் கேக்கும்ங்கிற தைரியம் அப்பதான் வந்துச்சு.

இந்த வசதி பழசுங்க. 1984-ல் வந்த ஆப்பிள் மேக்கின்டோஷிலேயே பின்னணியை மாத்தலாம். எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டம், கறுப்பு வெள்ளை மட்டும். புள்ளியை வச்சும் அழிச்சும் நாமே ஒரு கோலம் போட்டுக்கலாம். 1990-ல் விண்டோஸ் 3.0 வந்தப்ப முழுப் படத்தையே வால்பேப்பரா வைக்க முடிஞ்சது. 2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. கூடவே அந்தப் பச்சைப் புல்மேடும் நீல வானமும் வந்தது. படத்தோட பேரு 'ப்ளிஸ்', அதாவது பேரானந்தம்.

அது கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படம்னு நெனச்சவங்க நிறையப் பேர். இல்லைங்க, அசல் ஃபிலிம் ஃபோட்டோ. எடுத்தவர் சார்லஸ் ஓ'ரியர். 1996 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சோனோமா பகுதியில் கார் ஓட்டிக்கிட்டுப் போறப்ப, மழை பெஞ்சு வெளுத்த வானத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தி எடுத்தது. அங்க மழைக்காலம் குளிர்காலத்துலதான். அதே மேட்டைக் கோடையில் எடுத்திருந்தா காஞ்ச புல்லுதான் விழுந்திருக்கும்.

ஆனா ஒரு விவசாயி கேக்க வேண்டிய கேள்வி வேற. சோனோமா திராட்சைக்குப் பேர்போன பூமி. அங்க போய் ஒரு மேடு முழுக்க வெறும் புல்லா இருக்குமா?

அங்கேயும் திராட்சைதாங்க இருந்துச்சு. 1990-களின் தொடக்கத்துல ஃபில்லாக்சீரா விழுந்து கொடியெல்லாம் பிடுங்கிட்டாங்க. நம்ம அசுவினிக்குச் சொந்தக்காரப் பூச்சி அது. ஆனா வேருல உக்காந்து சாறு உறிஞ்சும். பத்தொன்பதாம் நூற்றாண்டுல ஃபிரான்ஸ் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களை அழிச்சதும் இதுதான். மருந்துக்கு அடங்கலை. கடைசியில அமெரிக்கத் திராட்சையோட வேர்ச்செடியில ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைச்சாங்க. நம்ம ஒட்டுமா மாதிரி.

கலிஃபோர்னியாவுல ஏ.எக்ஸ்.ஆர்.1 என்கிற வேர்ச்செடியை நம்பி ஏராளமா நட்டிருந்தாங்க. நல்ல மகசூல் குடுக்கும். ஆனா அதுல பாதி ரத்தம் ஐரோப்பியத் திராட்சை. பூச்சியைத் தாங்குற சக்தி பத்தலை. 1980-களில் பூச்சி அதையும் ஜெயிச்சிருச்சு. தோட்டம் தோட்டமா பிடுங்கி, வேற வேர்ல மறுபடி நட வேண்டியதாப் போச்சு.

கொடியைப் பிடுங்கிட்டு, மறுநடவு செய்யாம கிடந்த இடைவெளியில எடுத்த படம்தான் ப்ளிஸ். ஒரு பூச்சி குடும்பங்களோட வெள்ளாமையைத் தின்னுட்டுப் போன நிலம், உலகத்துக்கே பேரானந்தமாத் தெரிஞ்சது. 2006-ல் கோல்டின், சென்னபி என்கிற ரெண்டு கலைஞர்கள் அதே இடத்தைப் படம் எடுத்தாங்க. அப்ப அங்க மறுபடியும் கொடி வரிசை நின்னுச்சு. பச்சை வெல்வெட்டு இல்லை. ஆனா அதுதாங்க உயிரோட இருக்கிற நிலம்.

எங்க பக்கமும் இப்படித்தான். வாடல் விழுந்து தென்னையை வெட்டின தோப்புல ஐப்பசி மழைக்கு அப்புறம் பாத்தீங்கன்னா, அவ்வளவு பசுமையா புல்லு நிக்கும். ரோட்டுல போறவங்க காரை நிறுத்தி செல்ஃபி எடுப்பாங்க. காட்டுக்காரர் வரப்புல உக்காந்து, மறுநடவுக் கன்னுக்குக் கணக்குப் போட்டுக்கிட்டு இருப்பார்.

படம் எடுங்க, டெஸ்க்டாப்புலயும் வச்சுக்கோங்க, தப்பே இல்லை. பக்கத்துல ஆள் இருந்தா, "போன வருசம் இதுல என்ன வெள்ளாமைங்க?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க.