லாரிச் சாரதியின் படுக்கை

நாகபுரியிலோ ஜான்சியிலோ வசிக்கும் தமிழன்பர் ஒருவர், நெடுஞ்சாலை ஓரத்தில் தமிழ்நாட்டுப் பதிவெண் தாங்கிய லாரி ஒன்று நிற்கக் கண்டால் சற்றே நின்று பார்க்காமல் செல்வதில்லை. முகப்பில் எழுதிய தமிழ் எழுத்துக்களைப் படிப்பார். ஊர்ப் பெயரைத் தேடுவார். பேச்சுக் கொடுக்க ஆள் இருக்கிறாரா என்று கேபினுக்குள் எட்டிப் பார்ப்பார். உள்ளே, சாரதியின் ஆசனத்துக்குப் பின்னால், குறுக்குவாட்டில் போட்ட ஒரு பலகையின்மீது ஒருவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு உறங்கிக்கொண்டிருப்பார். எழுப்ப மனம் வராது, திரும்பி நடந்துவிடுவார்.

அந்தப் பலகைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

ரயில் வண்டியில் படுக்கை அமைந்தது பிரயாணிக்காக. காசு கொடுத்தவர் உறங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். லாரியில் அமைந்த படுக்கையோ, வண்டியை ஓட்டும் தொழிலாளிக்காக ஏற்பட்டது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. பிரயாணி குறை சொன்னால் கம்பெனி கேட்கும். தொழிலாளியின் உறக்கத்துக்குச் சட்டம் வந்து பேச வேண்டியிருந்தது.

மோட்டார் லாரி தோன்றிய காலத்தில் அது நகருக்குள்ளும் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் பாரம் சுமந்தது. இரவில் கொட்டகைக்குத் திரும்பிவிடும். அப்படிப்பட்ட வண்டிக்குப் படுக்கை எதற்கு? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுஞ்சாலைகள் வளர்ந்து, லாரிகள் மாகாண எல்லைகளைக் கடந்து நாட்கணக்கில் ஓடத் தொடங்கியபோதுதான் தேவை எழுந்தது. இரு சாரதிகள் ஏறிக்கொள்வார்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் உறங்குவார். சரக்கு எங்கும் நிற்பதில்லை. முதலாளிக்கு இது பெரிய இலாபம். உறங்குபவர் எங்கே உறங்கினார் என்பதை மட்டும் எவரும் கேட்கவில்லை. ஆசனத்துக்குப் பின்னால் ஒரு பெட்டி, சிலவற்றில் பாரம் ஏற்றும் பகுதியிலேயே ஒரு தடுப்பு என்று, இடம் கண்ட இடத்தில் படுக்கை அமைத்தார்கள். அக்குறுகிய பெட்டிக்குச் சாரதிகளே சூட்டிய பெயர் ‘சவப்பெட்டி’ என்பது. வேடிக்கைப் பெயர்தான், ஆனால் வேடிக்கைக்காக மட்டும் வைத்த பெயரன்று.

1935-ஆம் ஆண்டில் அந்நாட்டில் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் ஒன்று நிறைவேறியது. மாகாணங்களுக்கு இடையே நடக்கும் வாணிபத்தைக் கண்காணிக்கும் கமிஷனுக்கு, சாரதிகளின் வேலை நேரத்தை வரையறுக்கும் அதிகாரம் கிடைத்தது. அப்பத்தாண்டு முடிவதற்குள் கமிஷன் விதி வகுத்தது: 10 மணி நேரம் ஓட்டியவர் 8 மணி நேரம் ஓய்ந்திருத்தல் வேண்டும். இருவர் ஓட்டும் வண்டியில் அந்த 8 மணி நேரத்தை வண்டியின் படுக்கையிலேயே, இரு கூறாகப் பிரித்தும் கழிக்கலாம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பலகையில் கழித்த நேரத்தை ஓய்வு என்று சட்டம் கணக்கில் ஏற்றுக்கொண்டால், எத்தகைய பலகை என்ற கேள்விக்கும் சட்டமே விடை கூற வேண்டும் அல்லவா? ஒன்றரை அடி அகலப் பெட்டிக்குள் முடங்கிக் கிடந்தவனை ஓய்ந்தவன் என்று எழுதிக்கொள்வது எப்படி? ஆகவே அளவுகோல் கேபினுக்குள் நுழைந்தது.

அந்நாட்டு விதிநூலில் உள்ள அளவுகளை வரிசையாகப் பார்த்தால், மனித உடலுக்கு அரசாங்கம் படிப்படியாக இடம் விட்டுக்கொடுத்த கதை தெரிகிறது. 1953-க்கு முன் பொருத்திய படுக்கைக்கு 72 அங்குல நீளம், 18 அங்குல அகலம், மெத்தைக்கு மேல் 18 அங்குல உயரம் இருந்தால் போதும். புரண்டு படுத்தால் தோள் கூரையில் இடிக்கும் உயரம் அது. 1953 முதல் நீளம் 75 அங்குலமாகவும், அகலமும் உயரமும் 21 அங்குலமாகவும் வளர்ந்தன. 1975 அக்டோபர் முதல் அகலமும் உயரமும் 24 அங்குலம் ஆயின. ஒரு சாண்கூட இல்லாத இந்த 6 அங்குலத்தைப் பெற இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கிறது.

நீளத்தில் இவ்வளவு கஞ்சத்தனம் இல்லாததற்குக் காரணம் வண்டியின் வடிவிலேயே இருக்கிறது. அந்நாட்டில் அக்காலத்து லாரியின் அகலத்துக்குப் பொதுவான எல்லை 96 அங்குலம். இரு பக்கச் சுவர்களின் கனத்தைக் கழித்தாலும், 75 அங்குலப் படுக்கை குறுக்கே தாராளமாக அடங்கும். அதனால்தான் படுக்கை குறுக்குவாட்டில் போடப்பட்டது. படுக்கையின் அகலமோ வண்டியின் நீளத்திலிருந்து வெட்டி எடுக்க வேண்டியது. வண்டியின் மொத்த நீளத்துக்குப் பல மாகாணங்கள் வரம்பு விதித்திருந்தன. ஆதலால் உறங்குபவருக்குக் கொடுத்த ஒவ்வோர் அங்குலமும் சரக்குக்குக் குறைந்த ஓர் அங்குலம். உறக்கமும் சரக்கும் ஒரே அளவுகோலின் மீது நின்று போட்டியிட்டன என்றால் மிகையாகாது.

இப்போட்டியிலிருந்து தப்ப, இயந்திரத்தின் மேலேயே கேபினை ஏற்றி வைக்கும் அமைப்பு பரவியது. மூக்கு இல்லாத தட்டை முகம். அதனால் மிஞ்சிய இடத்தில் படுக்கை. 1950-இல் பிரைட்லைனர் கம்பெனி வெளியாருக்கு விற்ற முதல் லாரி இவ்வகையைச் சேர்ந்தது; படுக்கையும் கொண்டது. அது இப்பொழுது வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1982-ஆம் ஆண்டுச் சட்டம் முக்கிய நெடுஞ்சாலைகளில் மொத்த நீளத்தின் வரம்பை நீக்கி, பாரவண்டியின் நீளத்தை மட்டும் கணக்கிட்டது. அதன் பின்னர் மூக்குள்ள லாரிகள் திரும்பி வந்தன. படுக்கையும் ஆள் நிமிர்ந்து நிற்கும் சிற்றறையாக வளர்ந்தது.

அளவோடு விதி நிற்கவில்லை. படுக்கை இழுவண்டியில் இருக்கலாகாது. 1953 முதல் பொருத்துபவை கேபினிலேயோ, அதை ஒட்டியோ உறுதியாகப் பிணைக்கப்பட வேண்டும். படுக்கையிலிருந்து சாரதியின் பகுதிக்கு நேரே வெளியேற வழி வேண்டும். 1963 முதல் அவ்வழி 36 அங்குல அகலமும் 18 அங்குல உயரமும் உடையதாக இருத்தல் வேண்டும். ரப்பர் அல்லது நுரை மெத்தையானால் 4 அங்குலக் கனம். காற்றோட்டம் வேண்டும், புகைப்போக்கியின் வெப்பமும் வாயுவும் எரிபொருளின் கசிவும் உறங்குபவரை அண்டக் கூடாது. ஒவ்வொரு வாசகத்தின் பின்னாலும் யாரோ ஒருவர் மூச்சுத் திணறியோ, வெளியேற வழியின்றியோ கிடந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். விதிகள் சும்மா பிறப்பதில்லை.

இவற்றுள் மிகவும் காலந்தாழ்ந்து வந்தது உறங்குபவரைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு. குறுக்கே படுத்திருப்பவர், திடீரென்று பிரேக்கைப் பிடித்தால் உருண்டு முன்னே வந்து விழுவார். 1971 ஜூலை முதல், படுக்கையின் முன்பக்கத்தில் வலையோ வாரோ பூட்டி, அது முன்னோக்கிய 6,000 பவுண்டு விசையைத் தாங்க வேண்டும் என்று விதித்தார்கள். வலை மட்டும் வலுவாக இருந்து பயனில்லை. அதைப் பூட்டிய கொக்கி, கொக்கியைத் தாங்கும் சட்டம், சட்டம் பொருந்திய கேபின் சுவர் ஆகிய யாவும் அவ்விசையைத் தாங்க வேண்டும். மூலையில் சாத்திவைத்த பலகையாக இருந்த படுக்கை, இவ்வாறு வண்டியின் எலும்புக்கூட்டோடு சேர்ந்த உறுப்பாயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரைமணி ஓய்வும், நாளொன்றுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு 54 மணி என்ற வரம்பும் விதித்திருந்தது. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்கள் இரவில் தங்க நேரும் இடங்களில் முதலாளி ஓய்வறை அமைக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆயினும் ஐந்து தொழிலாளர்களுக்குக் குறையாத நிறுவனங்களுக்கே அது இயல்பாகச் சென்றது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்துப் பிழைப்பவர்கள் நிறைந்த நாட்டில் அந்த ஓய்வறைகளை எங்கே தேடுவது? சாலையோரத்துத் தாபாவின் கயிற்றுக் கட்டிலே ஓய்வறை ஆயிற்று. அது கிடைக்காத இடத்தில் கேபின் பலகை.

அந்தப் பலகையைச் செய்தவர்களும் பெரிய தொழிற்சாலைக்காரர்கள் அல்லர். 1954 முதல் ஜாம்ஷெட்பூரிலும், அதை அடுத்த ஆண்டுகளில் எண்ணூரிலும் லாரிகள் உருவாகிப் பெருகின. ஆனால் நெடுங்காலம் வரையில் தொழிற்சாலையிலிருந்து பெரும்பாலும் வெளிவந்தது இயந்திரமும் அடிச்சட்டமும் முன்முகப்பும் மட்டுமே. கேபினையும் பாரப்பெட்டியையும் கட்டியவர்கள் நாமக்கல், சங்ககிரி, பஞ்சாபில் சர்ஹிந்து போன்ற ஊர்களின் பட்டறைத் தச்சர்களும் கொல்லர்களும். மரச்சட்டம் நிறுத்தி, தகடு போர்த்தி, சாரதியின் முதுகுக்குப் பின்னால் முழு அகலத்துக்கும் ஒரு பலகை போட்டு, மேலே ரெக்ஸின் மெத்தை தைப்பார்கள். பலகையின் அடியில் அடுப்பும் பாத்திரமும் கயிறும் ஜாக்கியும் வைக்க இடம் இருக்கும். அளவு? வண்டிச் சொந்தக்காரர் சொன்னதும் தச்சரின் கை பழகியதுமே அளவு.

1975-இல் தேசிய பெர்மிட் திட்டம் வந்து, லாரிகள் பல மாநிலங்களைக் கடந்து ஓட வழி பிறந்தது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், அத்தகைய லாரியில் குறைந்தது இரு சாரதிகள் இருக்க வேண்டும் என்றும், ஓட்டுபவரின் ஆசனத்துக்குப் பின்னால் வண்டியின் முழு அகலத்துக்கும் ஓர் இருக்கை அமைத்து, மாற்றுச் சாரதி உடலை நீட்டிப் படுத்துறங்க வசதி செய்ய வேண்டும் என்றும் கூறின. சட்ட வாசகங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வாசகத்தின்மீது ஒரு பற்று உண்டு. வரியும் தண்டமும் உரிமமுமாக நகரும் விதிகளின் நடுவே, ஒரு மனிதன் காலை நீட்டுகிறான். ஆனால் அவ்வாசகத்தில் அங்குலக் கணக்கு இல்லை. முழு அகலம் என்றதால் நீளம் கிடைத்துவிட்டது. பலகையின் அகலமும், தலைக்கு மேல் உள்ள உயரமும், விழாமல் தடுக்கும் வலையும் பேசப்படவே இல்லை.

இரு சாரதிகள் என்ற கட்டாயம் 2018-இல் நீக்கப்பட்டது. ஆள் கிடைப்பது அரிது, கூலி கட்டுப்படியாகாது என்று சொந்தக்காரர்கள் கூறிவந்ததை அறிவோம். பிறகு 2023-இல் வந்த அறிவிப்பின்படி, 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயமாயிற்று. மே மாதத்து நாகபுரி வெயிலை அறிந்தவர்களுக்கு அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

ஒருவரே ஓட்டும் வண்டியில், ஓடும்போது பலகை காலியாக இருக்கிறது. கிளீனர் இருந்தால் அவர் படுத்திருப்பார். சாரதி அதில் படுப்பது வண்டி நின்ற பிறகுதான். வண்டியை எப்பொழுது நிறுத்துவது என்பதைச் சரக்குக்குக் குறித்த நேரம் தீர்மானிக்கிறது.