அரைகுறை இலைக்கு என்ன பிரயோஜனம்?

பரிணாமம்னு சொன்னதும் டார்வின் பேர்தான் ஞாபகம் வரும். 1858-ல் அவருடைய எழுத்தோடு சேர்த்து வாசிக்கப்பட்டது இன்னொருத்தர் கட்டுரை. அவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். வசதியான ஆள் இல்லை. பூச்சி, பறவைகளைப் பிடித்து லண்டனுக்கு அனுப்பி, அது விற்ற காசில்தான் பிழைப்பே ஓடியது.

அவர் 1861 கடைசியில் சுமத்ரா தீவுக்குப் போனார். அங்கே கல்லிமான்னு ஒரு வண்ணத்துப்பூச்சி. மேல்பக்கம் ஊதா நிறம், குறுக்கே பளிச்சென்று ஆரஞ்சுப் பட்டை. மனுஷர் துரத்திக்கிட்டே போவார். காய்ந்த இலை இருக்கிற புதருக்குள் நுழைந்ததும் ஆள் மாயம்! பல தடவை ஏமாந்த பிறகுதான் பிடிபட்டது, அது கண்ணெதிரிலேயே உட்கார்ந்திருந்த விஷயம். சிறகை மூடினால் அடிப்பக்கம் அசல் சருகு. நடு நரம்பு, பூஞ்சைப் புள்ளி எல்லாம் உண்டு. பின்சிறகின் வால் குச்சியைத் தொட்டுக்கொண்டு காம்பாகவே ஆகிவிடும். 1869-ல் தன் பயணப் புத்தகத்தில் இதை விரிவாக எழுதினார்.

1871-ல் மிவார்ட் என்கிற விலங்கியலாளர் ஒரு கிடுக்கிப்பிடி போட்டார். முழு இலை மாதிரி இருந்தால் பறவை ஏமாறும், சரி. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறியது என்றால், ஆரம்பத்தில் அரைகுறையாக இருந்தப்போ என்ன லாபம்? இதற்குப் பதில் இல்லையென்றால் இயற்கைத் தேர்வுக் கொள்கையே ஆட்டம் கண்டுவிடும். டார்வின் 1872-ல் தன் புத்தகத்தின் ஆறாம் பதிப்பில் புது அத்தியாயமே சேர்த்தார். தற்செயலாக லேசான சாயல் முதலிலேயே இருந்திருக்கும், அதில் தப்பிப் பிழைத்தவை பெருகின என்பது அவர் வாதம்.

வாதம் சரி, ஆதாரம்? அது 2014-ல் வந்தது. ஜப்பான் ஆய்வாளர்கள் கல்லிமாவின் சிறகுக் கோடுகளை அதன் உறவுக்கார இனங்களோடு ஒப்பிட்டார்கள். மற்றதில் சாதாரணப் பட்டையாக இருக்கும் அதே கோடுகள்தான் படிப்படியாக இடம் மாறி இலை நரம்பாகியிருக்கு. ஒரே தாவலில் வந்த வேஷம் இல்லை.

அரைகுறை வேஷம் செல்லுமா என்பதற்குச் சுமத்ரா வரை போக வேண்டாம். நம்ம ஊர்த் தோட்டங்களில் சாயங்காலம் பறக்கிற 'ஈவ்னிங் பிரவுன்' பழுப்புப் பூச்சியைப் பாருங்க. மழைக்காலத்தில் சிறகின் அடியில் கண் மாதிரி வட்டங்கள். வறண்ட காலத்தில் பிறப்பதற்கு அந்த வட்டங்கள் சுருங்கி, வெறும் சருகு நிறம். கல்லிமா அளவுக்கு நரம்பு, காம்பு நேர்த்தியெல்லாம் கிடையாது. ஆனாலும் உதிர்ந்த இலைகளுக்கு நடுவில் உட்கார்ந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம்தான்.

மிவார்ட் சாருக்கு இதைவிட எளிமையாக யார் பதில் சொல்ல முடியும்? :-)