பம்பாய்ப் பெண்டிர் வாக்குரிமை பெற்ற வரலாறு

நம் காலனிப் பெண்டிர் தேர்தல் நாளன்று அடுக்களை வேலையை முடித்துக்கொண்டு, அடையாள அட்டையும் கையுமாக வரிசையில் நிற்பதை நாம் புதுமையாகக் கருதுவதில்லை. ஆயின், பம்பாய் என வழங்கிய இந்நகரில் இவ்வுரிமை எங்ஙனம் வந்ததென்று பழைய ஏடுகளில் தேடுவோர்க்கு, அது எளிதில் கிட்டியதன்று என்பது விளங்கும்.

1917 டிசம்பர் 18ஆம் நாள், சென்னையில் மாண்டேகு துரையைச் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்டிர் குழுவொன்று கண்டு வாக்குரிமை கோரியது. மறு ஆண்டு பம்பாயில் கூடிய விசேஷ காங்கிரசும் அக்கோரிக்கையை ஆதரித்தது. எனினும், வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சௌத்பரோ கமிட்டி, நம் நாட்டுச் சமூகப் பழக்கம் இதற்கு இடந்தராது என்று கூறி மறுத்துவிட்டது. பெண்டிரே மனுக் கொடுத்துக் கேட்டிருக்க, அவர்கள் வரத் தயங்குவர் என ஆடவர் முடிவு கட்டியது விந்தையே!

இம்முடிவைக் கேட்டு இந்நகர்ப் பெண்டிர் வாளாவிருந்தாரல்லர். ஹீராபாய் டாடா என்னும் பார்ஸி அம்மையார் தம் மகள் மிதானுடன் 1919இல் கப்பலேறி லண்டன் சென்று, பாராளுமன்றக் கூட்டுக் கமிட்டியின் முன் வழக்கை எடுத்துரைத்தார். பிரிட்டனில் ஊர் ஊராகச் சென்று கூட்டங்களில் பேசி, அந்நாட்டுப் பெண்கள் சங்கங்களின் ஆதரவையும் இருவரும் திரட்டினர். அங்கிருந்து ஹீராபாய் பம்பாயிலிருந்த ஜாயிஜீ பெட்டிட் அம்மையாருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் தில்லி தீன்மூர்த்தி மாளிகை நூலகத்தில் சேர்ந்தன. சட்டசபை ஏடுகளில் பேசுவோர் யாவரும் ஆடவரே. பெண்டிர் தம் வாய்மொழியைக் கேட்க இத்தகைய கடிதங்களையே நாடவேண்டியுள்ளது. மகள் மிதான் அங்கேயே சட்டம் பயின்று பாரிஸ்டரானார். 1947இல் இந்நகரின் ஷெரீப்பாகவும் விளங்கினார்.

பாராளுமன்றமோ தான் முடிவு செய்யாது, மாகாணச் சட்டசபைகளின் தலையில் பொறுப்பை ஏற்றியது. 1921 ஏப்ரலில் சென்னை மாகாணம் முந்திக்கொண்டது (நமக்குச் சிறிது பெருமைதான்). அவ்வாண்டு ஜூலையில் பம்பாயும் தீர்மானம் நிறைவேற்றியது.

ஆனால் யாருக்கு வாக்கு? சொத்தும் வரியும் உடைய பெண்டிர்க்கே. பரேல் மில்களில் நூல் சுற்றிய பெண்களுக்கு அப்பட்டியலில் இடம் ஏது? 1935ஆம் ஆண்டுச் சட்டம் வாயிலைச் சற்றே அகலத் திறந்தது. வயது வந்தோர் அனைவர்க்கும் உரிமை தந்தது நம் அரசியலமைப்பே.

அதன்பின்னும் ஓர் இடர். 1951-52 தேர்தலுக்குப் பட்டியல் எழுதச் சென்றபோது, வட மாநிலங்களில் பெண்டிர் பலர் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றனரேயன்றித் தம் பெயரைக் கூறவில்லை. அதனால் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. நாள்தோறும் பதிவேடு எழுதும் உத்தியோகத்தில் இருப்பவன் ஆதலின், ஒரு பெயர் விடுபடுவதன் பொருள் எனக்கு நன்கு தெரியும்.

நம் இல்லங்களில் மூத்த பெண்டிர் எவ்வாண்டு, எவ்வூரில் முதன்முதல் வாக்களித்தனர் என்பது எந்தக் காப்பகத்திலும் இல்லை. மக்கள் அவர்களைக் கேட்டு, அவர்தம் சொந்தப் பெயருடன் ஒரு தாளில் எழுதிச் சங்கக் காரியதரிசியிடம் சேர்ப்பித்தால், அடுத்த ஆண்டு மலரில் வெளியிட உதவியாயிருக்கும்.