சேனாதிபதியின் சமாதியும் சில்லோட்டு ஆசனமும்

அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் வடமாகாணங்களின் சேனைகளை நடத்தி ஜயங்கண்டு, பின்னர் இருமுறை ஜனாதிபதிப் பதவியும் வகித்த யுலிஸஸ் கிராண்டின் சமாதி, நியூயார்க் நகரத்தில் ஹட்ஸன் நதியை நோக்கிய மேட்டின்மேல், ரோமானியச் சக்கரவர்த்திகளின் கீர்த்தி மண்டபம் போன்ற தோரணையில், 150 அடி உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. 1897-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 27-ஆம் தேதி அது திறக்கப்பட்டபோது, சுமார் 90,000 ஜனங்கள் மனமுவந்து அளித்த ஆறு லட்சம் டாலர் அங்கே கல்லாய்ச் சமைந்திருந்தது. அத்தனை கம்பீரமான கட்டடத்தின் மூன்று புறங்களிலும், மேடும் பள்ளமுமாய் நெளிந்தோடும் பல வர்ண ஆசனம் அமைந்திருப்பதையும், அதன்மேல் டாக்ஸி வண்டியும் டொனால்டு டக் என்னும் வாத்தும் சித்திரிக்கப்பட்டிருப்பதையும் முதன்முதலாகக் காண்பவர், இது எந்தக் குறும்புக்காரனின் கைவேலை என்று வினவாதிருக்க மாட்டார்.

அதன் வமிசாவளியைத் தேடினால், அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து ஸ்பெயின் தேசத்துப் பார்ஸிலோனாவுக்குப் போகவேண்டும். அந்நகரத்தை அடுத்து 'மொட்டை மலை' என்று பொருள்படும் பெயருடைய குன்று ஒன்றை எவுஸேபி குவெல் என்ற பிரபு வாங்கி, இங்கிலாந்தின் தோட்ட நகரங்களைப்போல் தனவந்தர்கள் குடியேறுவதற்குரிய வாசஸ்தலம் ஒன்றை 60 மனைகளில் அமைக்க விரும்பி, 1900-ஆம் ஆண்டில் அந்தோனி கௌடி என்னும் கட்டடச் சிற்பியிடம் ஒப்படைத்தார். மனைகள் விலைபோகவில்லை, 1914-இல் வேலையும் நின்றது. ஆயினும் அதற்குள், சந்தைக்கென்று 86 தூண்களை நாட்டி, அவற்றின்மேல் ஒரு திறந்த மைதானத்தை விரித்து, அதன் விளிம்பில் சுமார் 110 மீட்டர் நீளத்துக்கு அலையலையாய் ஓர் ஆசனத்தையும் கட்டி முடித்திருந்தார்கள். மைதானத்தில் விழும் மழைநீர் மணலில் வடிந்து, தூண்களின் உட்குழாய் வழியே அடியிலுள்ள தொட்டியில் சேருமாறு செய்த யுக்தி தனியே ஒரு கட்டுரைக்குரியது.

ஆசனத்தின் மேற்பூச்சில் கௌடிக்குத் துணை நின்றவர் ஜோஸப் மரியா ஜுஜோல். தட்டையான, மெருகேற்றிய ஓடு வளைந்த பரப்பில் படியாது. உடைத்துச் சில்லாக்கினாலோ எந்த நெளிவுக்கும் இணங்கும். உடைத்தல் என்னும் வினையிலிருந்து பிறந்த 'ட்ரெங்காடிஸ்' என்ற பெயரைக் கத்தலான் மொழியினர் இதற்கு வைத்தார்கள். அராபியர் ஆட்சிக் காலத்திலிருந்து மெருகோட்டு வேலையில் தேர்ந்த நாடுதான் ஸ்பெயின். ஆனால் அராபியக் கைவினைஞன் க்ஷேத்திர கணிதத்துக்கு அடங்கி ஓட்டை நறுக்கினான், ஜுஜோலோ கழித்தெறிந்த துண்டுகளில் அழகு கண்டார். ஆசனத்தின் வடிவம் மனித தேகத்துக்குப் பொருந்தவேண்டுமென்று, தொழிலாளி ஒருவனை உடையின்றி ஈரச்சாந்தில் உட்காரவைத்து அச்செடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். அங்கே சாய்ந்து பார்த்த முதுகுகள் மட்டும் அதை மறுப்பதில்லை. உட்குழிந்த வளைவில் நாலுபேர் முகம் பார்த்துப் பேசலாம். வெளிவளைந்த இடத்தில் ஒருவர் தனித்திருக்கலாம். குவெல் இறந்தபின் 1922-இல் நகரசபை அவ்விடத்தை விலைக்கு வாங்கி, 1926-இல் பொதுப் பூங்காவாகத் திறந்தபோது, தனவந்தர்களுக்காகச் செய்த ஆசனம் சகல ஜனங்களுக்கும் உரியதாயிற்று.

நியூயார்க்கில் கிராண்டின் சமாதியோ கவனிப்பாரற்று, சுவரெல்லாம் கிறுக்கல் நிறைந்து சீரழிந்திருந்தது. அமெரிக்காவின் முதல் தேசியப் பூங்காவாகிய யெல்லோஸ்டோன் ஏற்பட்டு 1972-இல் நூறாண்டு நிறைவதைக் கொண்டாடும் முகமாக, சமாதியின் பராமரிப்பை ஏற்றிருந்த தேசியப் பூங்கா இலாகா, சிட்டி ஆர்ட்ஸ் என்ற கலை ஸ்தாபனத்துடன் சேர்ந்து அங்கே ஓர் ஆசனம் நிர்மாணிக்க முற்பட்டது. சிலி தேசத்தில் பிறந்தவரும் கௌடியின் படைப்பில் ஈடுபாடு மிக்கவருமான பெட்ரோ ஸில்வா அதற்குச் சிற்பியாக அமைந்தார். இரும்புக்கம்பிக் கட்டின்மேல் கான்கிரீட்டில் 17 ஆசனங்களை அவர் எழுப்பினார். சித்திரம் வரைவதற்கும் சில்லு பதிப்பதற்கும் அக்கம்பக்கத்துச் சிறுவரும் பெரியோருமாக ஆயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். 1974-இல் வேலை முடிந்தது. ஜுஜோலின் கண்ணுக்கு இருந்த வர்ண ஞானத்தை இங்கே எதிர்பார்ப்பது நியாயமாகாது. பார்ஸிலோனாவில் இரு மேதைகளின் உத்தியாக இருந்தது இங்கே ஊரார் கூடிச் செய்யும் காரியமாக மாறிற்று. என் அபிப்பிராயத்தில், வர்ணத்தில் நேர்ந்த நஷ்டத்தை இந்த லாபம் ஈடுசெய்துவிட்டது.

எல்லோரும் அப்படி எண்ணவில்லை. சேனாதிபதியின் நித்திரைக்கு இந்த வேடிக்கைச் சித்திரங்கள் அவமரியாதை, அவற்றைப் பெயர்த்தெறியவேண்டும் என்று சரித்திர அபிமானிகள் வாதித்தார்கள்; தம் கையால் கட்டியதைத் தொடலாகாது என்று அக்கம்பக்கத்தார் எதிர்த்து நின்றார்கள். சமாதானத்தை வேண்டிய கிராண்டின் வாசகம் சமாதியின் வாயிலுக்கு மேலே பொறிக்கப்பட்டிருக்க, அதைச் சுற்றியே இந்தப் பிணக்கு நடந்தது. சமாதி செப்பனிடப்பட்டு 1997-இல் நூற்றாண்டு விழாக் கண்டபோதும் ஆசனம் அங்கேயே இருந்தது.

பனியிலும் வெயிலிலும் சில்லுகள் உதிர்ந்து சிமெண்டு தெரிய ஆரம்பித்ததால், 2008-இல் அதைப் புதுப்பித்தார்கள். அவ்வேலைக்கும் இளம்பிராயத்தினரையே அழைத்துச் சில்லுகளைப் பதிக்கச் செய்தார்கள். முதல் தடவை பதித்த சிறுவர்களுக்கு அப்போது நாற்பது வயது கடந்திருக்கும்.