காலப்பங்கு விடுதிகளில் அறை உயர்வு

காலப்பங்கு விடுதிகளில் அறை உயர்வு என்பது, காலப்பங்கு (டைம்ஷேர்) உறுப்பினர் ஒருவருக்கு அவர் பதிவு செய்ததைவிடப் பெரிய அல்லது வசதி மிக்க அறையைக் கூடுதல் கட்டணம் இன்றி ஒதுக்குவதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது அப்கிரேடு எனப்படுகிறது. ஒப்பந்தத்தில் குறிப்பிடப்பட்டால் ஒழிய இது உறுப்பினரின் உரிமை ஆகாது; அறை காலியாக இருக்கும்போது விடுதி தன் விருப்பப்படி வழங்கும் சலுகையே ஆகும்.

பின்னணி

காலப்பங்கு முறை 1960களில் ஐரோப்பாவில் தோன்றியது. ஒரு விடுதியின் பயன்பாட்டை வாரங்களாகப் பகுத்துப் பலருக்கு விற்பதே இதன் அடிப்படை. இந்தியாவில் 1986இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டெர்லிங் ஹாலிடே ரிசார்ட்ஸ் இம்முறையின் முன்னோடிகளுள் ஒன்று. உதகமண்டலம், கொடைக்கானல் ஆகிய மலை வாழிடங்களில் இதற்கு விடுதிகள் உள்ளன. 1996இல் மகிந்திரா குழுமம் கிளப் மகிந்திரா என்ற பெயரில் இத்துறையில் நுழைந்தது. ஆண்டுக்கு ஏழு நாட்கள் என 25 ஆண்டுகள் தங்கும் திட்டத்தால் அது பரவலாக அறியப்பட்டது.

உரிமையின் அளவு

உறுப்பினர் செலுத்தும் விலையை இரண்டு கூறுகள் தீர்மானிக்கின்றன.

பருவம்: கிளப் மகிந்திரா திட்டத்தில் ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என நான்கு பருவங்கள் வகுக்கப்பட்டன. ஊதா மிகுந்த தேவை உள்ள காலத்தையும், நீலம் தேவை குறைந்த காலத்தையும் குறிக்கும்.

அறை வகை: ஸ்டூடியோ எனப்படும் ஒற்றை அறை, ஒரு படுக்கையறை வீடு, இரு படுக்கையறை வீடு என்பன முதன்மையான வகைகள்.

உயர்வு அரிதாக இருப்பதன் காரணம்

சாதாரண தங்கு விடுதியில் விற்காத பெரிய அறையை வாடிக்கையாளருக்கு அளிப்பதால் விடுதிக்கு இழப்பு குறைவு. அவர் மீண்டும் வரக்கூடும் என்பது ஆதாயம். காலப்பங்கு விடுதியிலோ பெரிய அறைக்குக் கூடுதல் விலை கொடுத்த வேறு உறுப்பினர்கள் இருக்கின்றனர். அவ்வறையை இலவசமாக வழங்கினால் அவர்களது வாய்ப்பு குறையும். எடுத்துக்காட்டாக, பள்ளி விடுமுறையான மே மாதத்தில் கொடைக்கானலில் ஸ்டூடியோ உறுப்பினருக்கு உயர்வு கிடைப்பது அரிது. மழைக்காலத்தின் வார நாட்களில் வாய்ப்பு கூடும்.

வெளிநாடுகளிலும் இந்நிலையே காணப்படுகிறது. மேரியட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் திட்டத்தில் உயர்நிலை உறுப்பினர்களுக்குரிய இலவச அறை உயர்வு, மேரியட் வெக்கேசன் கிளப் என்னும் காலப்பங்கு விடுதிகளுக்குப் பொதுவாகப் பொருந்தாது. 1974இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்.சி.ஐ. போன்ற பரிமாற்ற அமைப்புகள் வழியாக வரும் விருந்தினருக்கும் உறுதி செய்யப்பட்ட அறையே உரியது.

நுகர்வோர் பாதுகாப்பு

விற்பனைக் கூட்டத்தில் வாய்மொழியாகக் கூறப்படும் இலவச உயர்வைப் பின்னர் மெய்ப்பிப்பது கடினம். சேர்க்கைக் கட்டணம் பெருந்தொகையாக இருப்பதுடன், தங்காத ஆண்டிலும் பராமரிப்புக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். எனவே இத்தகைய உறுதிமொழியை நம்பிச் சிறிய அறை வகையை வாங்கும் குடும்பம் பல ஆண்டுகள் அதே அளவுக்குள் கட்டுப்பட நேரிடும். உறுதிமொழி எழுத்தில் இருந்து மீறப்பட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். செலுத்திய தொகை 50 இலட்சம் ரூபாய் வரை எனில் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு நெறிமுறை, ஒப்பந்தத்திலிருந்து காரணம் கூறாமல் விலக 14 நாட்கள் அளிக்கிறது.